கடைசியில் இடுப்பில் தங்கிய கத்தி

ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் உள்ள ஃபாலுன் நகருக்கு வேலை நிமித்தம் குடிவந்த முதல் இலையுதிர்காலத்தில், அலுவலக நண்பர்கள் இருவர் என்னைக் காளான் பறிக்கக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். இருவர் இடுப்பிலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு சிறு கத்தி தொங்கியது. பார்வைக்கு மிகச் சாதாரணமாக இருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. வீடு திரும்பியதும் இரண்டு வாரம் இணையத்தில் தேடிப் படித்து, அவர்களுடைய கத்தியைப் போல எட்டு மடங்கு விலையில், 5 மில்லிமீட்டர் தடிமனில், பிடியின் அடிவரை இரும்பு ஓடும் ஒரு கத்தியை வரவழைத்தேன். காட்டுக்கு என்றால் கனமானதுதான் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஊரிலிருந்து வந்தது. இளநீர் சீவுவதற்கும் வேலிமுள் கழிப்பதற்கும் அரிவாளையே பார்த்து வளர்ந்தவனுக்கு, எடைதான் வேலை செய்யும் என்று கை தானாகவே நம்பிவிடுகிறது.

அந்த நம்பிக்கை ஓர் ஈரமான அக்டோபர் மாலையில் போயிற்று. இங்குள்ள காட்டுப் பாதைகளில், மூன்று பக்கம் மரச்சுவரும் சாய்ந்த கூரையும் கொண்ட சிறு குடில்கள் ஆங்காங்கே உண்டு. முன்னால் தீ மூட்ட ஓர் இடமும், பல குடில்களில் அடுக்கிவைத்த விறகும் இருக்கும். மழை நாளில் அந்த விறகின் மேற்புறம் நனைந்திருந்தாலும் உள்மரம் காய்ந்தே இருக்கும். ஆகவே கட்டையை விரல் தடிமனுள்ள குச்சிகளாகப் பிளந்து, ஒரு குச்சியின் விளிம்பில் கத்தியை நீளவாக்கில் ஓட்டி, சீவல்கள் சுருண்டு அடியில் ஒட்டிக்கொண்டே நிற்கும்படி சீவுவார்கள். பத்துப் பதினைந்து சுருள்கள் சேர்ந்தால் குச்சியின் நுனி பூங்கொத்துப் போல ஆகிவிடும். ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். என் தடித்த கத்தியோ மரத்துக்குள் இறங்கிய கணமே ஆப்பு போல மரத்தைப் பிளந்து மேலேறியது. சுருளுக்குப் பதிலாகச் சில்லுகள் தெறித்தன. ஆறாவது குச்சியும் வீணான பிறகு, நண்பர் ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய கத்தியை உருவி என்னிடம் நீட்டினார். அதே பைன் மரம், அதே கை. ஆனால் கத்தி மரத்தின் மீது வழுக்கிப் போவது போலப் போய், காகிதம் போன்ற ஒரு சுருளை விட்டுச் சென்றது.

அந்தக் கத்தி மோராவில் செய்தது. வாசாலொப்பெட் பனிச்சறுக்குப் பந்தயம் முடிகிற அதே மோராதான். ஃபாலுனிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதன் அருகில் உள்ள ஓஸ்ட்னூர் என்ற சிற்றூரில், அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891-இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கத்திகள் அங்கே பக்கத் தொழிலாகத்தான் பிறந்தன. இன்று மோராக்னிவ் என்ற பெயரில் விற்கும் நிறுவனத்தின் வேர் அந்தப் பட்டறை. தச்சர், மின்பணியாளர், மீன்பிடிப்பவர், படைவீரர் என்று இந்த நாட்டில் எல்லோர் கையிலும் புழங்கும் பொருள் அது. எல்லோரிடமும் இருக்கிறது என்பதாலேயே நான் அதைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்.

சரி, அந்த மெல்லிய கத்தி ஏன் நன்றாகச் சீவுகிறது? கம்பேனியன் என்ற அந்த வகையின் அலகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். அலகின் இரு பக்கமும் பாதி உயரம்வரை தட்டையாக வந்து, அங்கிருந்து ஒரே நேர்ச்சரிவாக வாய்வரை இறங்குகிறது. ஸ்காண்டி என்று இந்தச் சரிவைச் சொல்வார்கள். சரிவு அகலமாக இருப்பதால் அதுவே மரத்தின் மேல் படிந்து, எந்தக் கோணத்தில் போகிறோம் என்பதைக் கைக்குச் சொல்லிவிடுகிறது. மணிக்கட்டை ஓர் இழை சாய்த்தால் சீவல் தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். மெல்லிய அலகு என்பதால் வெட்டுக்குப் பின்னால் மரத்தை விலக்கித் தள்ளும் இரும்பின் பருமனும் குறைவு. காட்டில் நான் உண்மையில் கத்தியைக் கொண்டு செய்கிறவை இவைதாம்: குச்சி சீவுவது, கூடார முளை கூராக்குவது, கயிறு அறுப்பது, காளானின் அடிமண்ணைச் சுரண்டுவது, தொத்திறைச்சி வெட்டுவது. இவற்றில் ஒன்றுக்கும் 5 மில்லிமீட்டர் இரும்பு தேவைப்படவில்லை.

இருந்தாலும் உடனே அதில் வந்து நின்றுவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகும். நடுவில் பிரெஞ்சு ஒப்பினெல் மடக்குக்கத்தி ஒன்றை ஒரு கோடை முழுவதும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், ஆப்பிள் நறுக்குவதற்கு அதைவிட இனிமையான கத்தியை நான் கண்டதில்லை. ஆனால் இரண்டு நாள் மழையில் நனைந்ததும் அதன் பீச் மரப்பிடி ஊறி அலகைக் கவ்விக்கொண்டது. நகம் பெயரும் அளவுக்கு இழுத்தும் திறக்கவில்லை. பிறகு பின்லாந்துக்குப் போனபோது, பிர்ச் மரப்பிடி போட்ட ஒரு புக்கோவின், அதாவது அந்நாட்டு மரபுச் சிறுகத்தியின், அழகில் மயங்கி வாங்கி வந்தேன். அது கரிமம் மிகுந்த எஃகு. ஈரமான தோலுறையில் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டேன். காலையில் அலகெல்லாம் செம்பழுப்புப் புள்ளிகள். தவறு என்னுடையதுதான். எண்ணெய் தடவித் துடைத்து வைக்கும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு அந்த எஃகு அருமையானது, தீட்டினால் சீக்கிரம் கூரேறும். ஆனால் நனைந்த கையுறையோடு குளிரில் வீடு திரும்பி, பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டுத் தூங்கப் போகிறவன் நான். ஆகவே கடைசியில் துருப்பிடிக்காத எஃகில் செய்த கம்பேனியனையே வாங்கினேன்.

புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுவாழ்க்கைத் திறன்களில் ஆர்வமுள்ளவர்கள் பலர் கரிம எஃகையே உயர்த்திப் பேசுவார்கள்; தீப்பொறிக்கு அதுதான் வேண்டும் என்று ஒரு காரணமும் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பொறி எழுப்புவதானால் கரிமம் மிகுந்த, கடினமேற்றிய எஃகு வேண்டும், ஏனெனில் அங்கே எரிவது எஃகின் துகள். நாம் இன்று கொண்டுபோகும் தீக்கோல் 1903-இல் ஆஸ்திரியரான கார்ல் அவுயர் ஃபோன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. அதில் எரிவது கோலின் துகள்தான். சுரண்டுவதற்கு வேண்டியது கூர்மையான விளிம்பு மட்டுமே, கண்ணாடிச் சில்லும் போதும். என் துருப்பிடிக்காத கம்பேனியனின் முதுகு ஓரம் மழுக்கமாக வந்தது. தட்டையரத்தால் கால்மணி நேரம் தேய்த்து அந்த ஓரத்தைச் செங்கோணமாக்கிய பிறகு, பொறி மழையாகக் கொட்டுகிறது. தேய்த்தது முதுகின் முன்பாதியை மட்டும்தான், ஏனெனில் பிடிக்கு அருகே கட்டைவிரல் வந்து அழுந்தும்.

தீட்டுவதுதான் என்னை இந்தக் கத்தியோடு கட்டிப்போட்டது. அந்த விலையுயர்ந்த கத்தியின் வாய் உருண்டையாக வளைந்து வந்ததால், கல்லில் எந்தக் கோணத்தில் வைப்பது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதில் அந்தத் தொல்லை கிடையாது: சரிவை அப்படியே கல்லில் படிய வைத்துத் தள்ள வேண்டியதுதான். முதல் முறை மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது வாயின் கடைசி விளிம்பில் கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு சிறு சரிவு இருப்பதுண்டு. சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு, நீரில் நனைத்துத் தீட்டும் 1000 எண் கல்லில் நாலு தள்ளு தள்ளிப் பார்த்தால், வாயோரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் அழியாமல் மிஞ்சும். அந்தக் கோடு மறையும்வரை தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் விரல்நுனியைக் குறுக்கே நகர்த்தினால் பிசிறு சொரசொரவென்று தட்டுப்படும்; அப்போது பக்கம் மாற்றி, பிறகு அதைவிட நைசான 4000 எண் கல், கடைசியில் பழைய இடுப்புவாரின் உட்புறத்தில் பின்னோக்கி இருபது இழுப்பு.

குறைகளும் உண்டு. அலகின் இரும்பு பிடியின் கோடிவரை ஓடவில்லை. ஆகையால் இதைக் கொண்டு எதையும் நெம்பக் கூடாது. மணிக்கட்டுப் பருமனுள்ள பிர்ச் கட்டையைக் கத்தி முதுகில் தட்டிப் பிளந்திருக்கிறேன், அதற்கு மேல் போனால் குறுங்கோடரியை எடுத்துவிடுவேன். கத்தி ஒன்றே போதும் என்று வீம்பு பிடிப்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் கார்பெரி பொருந்தலாம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பிடி முழுக்க இரும்பு. நண்பருடையதை இரண்டு நாள் வைத்திருந்தேன். உறுதியான கத்திதான், ஆனால் சுருள் சீவும்போது அந்தக் கூடுதல் தடிமனைக் கை உணர்ந்துகொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் காட்டிலிருந்து நேரே மளிகைக்கடைக்குப் போய், பால் அலமாரி முன் நிற்கும்போதுதான் இடுப்பில் கத்தி இருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்வீடனின் 1988-ஆம் ஆண்டுக் கத்திச் சட்டப்படி, வேலை போன்ற நியாயமான தேவை இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் கூடையை வைத்துவிட்டு வெளியேறினேன். அன்றிலிருந்து காட்டுப் பாதையின் தொடக்கத்தில் உள்ள தகவல் பலகை அருகே வந்ததும் உறையைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிடுகிறேன். இடுப்புவாரை அவிழ்க்காமலே கொக்கியை நெம்பிக் கழற்றலாம் என்பது அந்த அழகில்லாத பிளாஸ்டிக் உறையின் நன்மை.

நான்கு ஆண்டுத் தீட்டலில் அலகு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. சென்ற மாதம் இதே வகையில் இன்னொன்று வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். விலை 200 குரோனருக்கும் குறைவு. தடித்த கத்தி நண்பரின் கோடைக்குடிலில், அடுப்புக்கு விறகு பிளக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.