ஆனிக் காற்றிலிருந்து ஐப்பசி வரை: வறண்ட தோலுக்கும் உதட்டுக்கும் நகத்துக்கும் செய்து பார்த்தவை

பணகுடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மகேந்திரகிரியும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் தென்மேற்குக் காற்று, ஈரத்தை இழந்து வேகத்தை மட்டும் கொண்டு எங்களிடம் வந்து சேர்கிறது. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கிளம்பிப் போகும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கொடியில் காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் மொடமொடப்பாகிவிடும். துணிக்கு நேர்வதுதான் தோலுக்கும் நேர்கிறது. முழங்காலுக்குக் கீழே சொறிந்தால் வெள்ளைக் கோடு விழும், உதடு வெடித்து உப்புப் பட்ட இடம் எரியும், நகத்தின் நுனி வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பிரியும்.

ஆண்டுதோறும் இதற்கென்று கையில் கிடைத்ததையெல்லாம் தடவி, எது பலித்தது என்று தெரியாமலேயே காற்றுக் காலத்தைக் கடந்துவந்தேன். இந்த ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். வீட்டிலும் பலசரக்குக் கடையிலும் மருந்துக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைப்பவை மட்டும், மொத்தச் செலவு 400 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு காலில் ஒன்று மறு காலில் மற்றொன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் என்று வரையறுத்துக்கொண்டேன். தோலின் மேலடுக்கு புதிதாக ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும் என்பதால் இரண்டு நாளில் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று தோன்றியது.

முதல் இரண்டு வாரம் இடது காலுக்குத் தேங்காய் எண்ணெய், வலது காலுக்குச் செக்கு நல்லெண்ணெய். குளித்து, நன்றாகத் துவட்டி, புடவை உடுத்தி, காலை வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தடவினேன். இரண்டு கால்களிலும் மினுமினுப்பு வந்தது. பிற்பகலுக்குள் அதில் தெருப்புழுதி அப்பி, அடியில் தோல் அதே சொரசொரப்போடு இருந்தது. எண்ணெய்களுக்குள் வேற்றுமை எதுவும் எழுத இல்லாமல் நோட்டு வெறுமையாகக் கிடந்தது.

இதைத் திருப்பிப் போட்டது கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் ஆச்சி. ஒரு கோயில் கொடைக்காக அங்கே போய் ஒரு வாரம் தங்கியபோது, நான் துண்டால் அழுத்தித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, காயப் போட்ட தோல்ல எண்ணெயத் தடவுனா அது மேலதான நிக்கும்? ஈரத்தோட தேய்ட்டி" என்றாள். எண்ணெயில் தண்ணீர் இல்லை என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தோலை மெத்தென்று ஆக்குவது தண்ணீர்தான். எண்ணெய் அதன் மேல் மூடியாகக் கிடந்து, அது காற்றோடு போகாமல் காக்கிறது. காய்ந்த பானையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே காய்ந்த பானைதானே இருக்கும். அன்று முதல் குளித்து முடித்த உடனே, ஈரம் சொட்டாத அளவுக்கு ஒற்றி எடுத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்குள், இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் எண்ணெய் தேய்த்தேன். நான்காம் நாளே வெள்ளைக் கோடு விழவில்லை. முன்பு செலவானதில் பாதி எண்ணெய்கூடச் செலவாகவில்லை, புழுதியும் அவ்வளவாக ஒட்டவில்லை. இரண்டு எண்ணெய்களில் நல்லெண்ணெய் பூசிய காலில் மாலைவரை மென்மை சற்றுக் கூடுதலாக நின்றது என்பது என் கணிப்பு. ஆனால் வாசனையும் துணியில் படும் கறையும் காரணமாக வெளியே போகும் நாட்களில் தேங்காய் எண்ணெயே எனக்கு வசதி.

கல்லிடைக்குறிச்சி வாரத்தில் இன்னொன்றும் பிடிபட்டது. அங்கே தாமிரபரணித் தண்ணீரில் குளித்த ஏழு நாட்களும், எண்ணெய் தடவாத முன்கைகூட இழுத்துப் பிடித்ததுபோல் இல்லை. பணகுடி வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியின் உட்புறம் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் படிவத்தைச் சுரண்ட வேண்டும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பசையாகி, எத்தனை செம்பு ஊற்றினாலும் முழுதாகப் போகாமல் தோலில் தங்கிவிடுகின்றன. சோப்பும் காரத்தன்மை உடையது. தோலோ இலேசான அமிலத்தன்மையோடு இருந்தால்தான் நலமாக இருக்கும். குளியல் முழுவதற்கும் நல்ல தண்ணீர் பிடிப்பது எங்கள் தெருவில் நடக்கிற காரியமில்லை. எனவே கடைசி இரண்டு செம்பு மட்டும் குழாயில் வரும் குடிதண்ணீரில் ஊற்றிக்கொண்டேன். சோப்பை அக்குள், இடுக்கு, பாதம் என்று அழுக்குச் சேரும் இடங்களோடு நிறுத்தி, கைகால்களுக்குப் பாசிப்பயற்று மாவைக் குழைத்துத் தேய்த்தேன். வெந்நீரை வெதுவெதுப்போடு நிறுத்தினேன். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு மாவரைத்த கூலி மட்டுமே. ஆனாலும் நோட்டில் மிகப் பெரிய மாற்றம் பதிவானது இந்த வாரத்தில்தான்.

கிளிசரினை ஆடி நடுவில் எடுத்தேன். மருந்துக் கடையில் 100 மில்லி புட்டி வாங்கி, ஆர்வத்தில் அப்படியே முன்கையில் தடவியதில் பிசுபிசுப்பும் இலேசான எரிச்சலுமே மிச்சம். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும் பொருள்; வெளியே காற்றில் ஈரமில்லாதபோது அது தோலின் அடியிலிருந்தே இழுக்கத் தொடங்குகிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஈரக் கையில் தடவி, அதன்மேல் சில துளி எண்ணெய் பூசியபோது கையின் புறப்பக்கம் நாள் முழுவதும் மென்மையாக இருந்தது. முதலில் தண்ணீருக்குப் பதில் பன்னீர் கலந்திருந்தேன். அது வெறும் வாசனைச் சத்து சேர்த்த தண்ணீர் என்பது கழுத்தில் தடிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. கொதித்து ஆறிய தண்ணீரே போதும். கலந்ததை மூன்று நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

சோற்றுக்கற்றாழை எங்கள் வேலியோரத்திலேயே கிடக்கிறது. மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பாலை ஒழுகவிடாமல் பூசியதால் எனக்கு ஒரு நாள் முழுக்க அரிப்பு. மறுமுறை மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து, பால் வடிந்த பின் சோற்றை ஐந்தாறு முறை கழுவி, முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே காலுக்குப் போட்டேன். பூசிய நேரத்தில் குளிர்ச்சிதான். ஆனால் அதன் மேல் எண்ணெய் போடாவிட்டால் காய்ந்து தோலை இறுக்குகிறது. வெயிலில் கன்றிய தோலுக்கு அதை வைத்துக்கொள்வேன், வறட்சிக்கு அல்ல.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் வைத்து உதட்டைத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. வெடித்த உதட்டில் அவ்வளவு புளிப்பை வைப்பது தவறு. ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

உதட்டின் கதை தனி. தோலின் மற்ற இடங்களில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் உதட்டில் இல்லை, மேலடுக்கும் மிக மெல்லியது. அதனால் காற்றுக்கு முதலில் தோற்பது உதடுதான். ஒரு நாள் திருநெல்வேலிக்குப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, எத்தனை முறை உதட்டை நக்குகிறேன் என்று விரல்விட்டு எண்ணினேன். நாங்குநேரி வருவதற்குள் 20 தாண்டிவிட்டது. எச்சில் ஆவியாகும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகிறது, அதிலுள்ள செரிமானப் பொருட்கள் மெல்லிய தோலை இன்னும் புண்ணாக்குகின்றன. அதன்பின் தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குக் குடித்தேன். தேன் தடவினால் நாக்கு இன்னும் அதிகமாகத் தேடிப் போகிறது. ஆகவே அதை விட்டேன். பசுநெய் இரவில் மிக நன்றாக வேலை செய்தது, ஆனால் பகலில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

பகலுக்கு நிற்க வேண்டுமென்றால் மெழுகு வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். எங்கள் ஊரில் அது மார்கழி விடியற்காலையில்தான் உறையும். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து 50 கிராம் தேன்மெழுகு வாங்கிவந்தேன். முதல்முறை 10 கிராம் மெழுகுக்கு 30 மில்லி தேங்காய் எண்ணெய் மட்டும் சேர்த்ததில் மெழுகுவர்த்திபோல் இறுகி, உதட்டில் இழுத்தால் தோல் உரிந்தது. இரண்டாம் முறை அதையே மறுபடி உருக்கி 20 மில்லி விளக்கெண்ணெய் கூட்டினேன். அடிகனமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சிறு கிண்ணத்தை வைத்து உருக்குவதுதான் பாதுகாப்பு. மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகுவதால் நேரடித் தீ தேவையே இல்லை, ஆபத்தும்கூட. உருகிய கலவையில் ஒரு சொட்டைச் சில்வர் தட்டில் விட்டு ஆறவைத்து, விரலால் அழுத்திப் பார்த்துப் பதத்தை முடிவு செய்தேன். வெண்ணெய்க்கும் மெழுகுக்கும் நடுவிலான பதம் வந்தது. ஈர உதட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை தடவியதில் ஒன்பதாம் நாள் வெடிப்பு மூடியது. அதே கலவையைக் கழுத்து, முழங்கை, விரல் கணு என்று எங்கும் பயன்படுத்த முடிந்தது. ஒப்புநோக்க வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலியம் ஜெல்லியையும் ஒரு வாரம் தடவிப் பார்த்தேன்; ஈரத்தை மூடிவைப்பதில் அதற்கு இணையில்லை, விலையும் குறைவு, அதில் நம்பிக்கை உள்ளவர்கள் கைவிட வேண்டியதில்லை.

நகத்தில்தான் எனக்கு மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை வீட்டு மருதாணியை அரைத்துப் பத்து விரலுக்கும் வைத்துக்கொண்டேன். நகத்தில் ஏறிய சிவப்பு மறையாது, நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். ஆகவே எங்கள் வழக்கமே எனக்கு அளவுகோலாயிற்று. ஒவ்வொரு மாதமும் அடியில் தோன்றும் நிறமற்ற பிறையை ஸ்கேலால் அளந்தேன்: மாதம் 3 மில்லிமீட்டர். அப்படியென்றால் இன்று நுனியில் பிரிகிற ஏடு, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன் வேரில் பிறந்தது. அதை எந்த எண்ணெயும் மறுபடி ஒட்டவைக்காது. மேலும் பிரியாமல் காப்பது மட்டுமே நம்மால் ஆகும்.

முதல் மாதம் இடது கை நகங்களுக்கு மட்டும் இரவில் விளக்கெண்ணெய் வைத்தேன். இடது கை தெளிவாக மேம்பட்டது என்று எழுதிய பிறகு, பாத்திரம் தேய்ப்பதும் துணி கும்முவதும் வலது கைதானே என்று உறைத்தது. ஆவணியில் கையை மாற்றி, எண்ணெய் வலதுக்கு மட்டும் என்று வைத்தேன். முன்னேற்றம் அரைகுறையாகவே இருந்தது. பிறகு 60 ரூபாய்க்கு ஒரு ரப்பர் கையுறை வாங்கி, தண்ணீரில் நிற்கும் வேலைக்கெல்லாம் அணிந்தேன். நகம் தண்ணீரில் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கி, மறுபடி ஊறுவதுதான் ஏடுகளைப் பிரிக்கிறது என்பதை அந்த மாதத்தில் கண்ணாரக் கண்டேன். விளக்கெண்ணெய் துணைதான்; ஆனால் அதன் கனத்தால் நகக்கண்ணை விட்டு வழியாமல் விடியும்வரை இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, அரத்தால் ஒரே திசையில் இழைப்பதும் உதவியது.

முக்கூடலில் என் மதினி பீடி சுற்றுகிறார். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, வாயை நகத்தால் மடக்கும் வேலையில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என் விரல்களைவிடப் பல மடங்கு அடிபட்டவை. மெழுகுக் களிம்பில் ஒரு டப்பா கொடுத்தேன். இரண்டு நாளில், "கையில எண்ணெ இருந்தா இலை வழுக்குது, தூளும் அப்பிக்கிடுது" என்றார். எனவே சுளகை இறக்கிவைத்து, கையைக் கழுவிய ஈரத்தோடு மாலையில் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்று மாற்றினோம். விரல் நுனி வெடிப்புகள் மூன்று வாரத்தில் மூடின. ஆனால் வலது கட்டைவிரல் நகம் மட்டும் மஞ்சளாகித் தடித்துக்கொண்டே போனது. அதற்குக் களிம்பு மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிருந்தது என் தவறு. பாளையங்கோட்டையில் தோல் மருத்துவரிடம் காட்டியபோது பூஞ்சைத் தொற்று என்றார். நகம் வளரும் வேகத்துக்கு ஏற்ப மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும். ஒற்றை நகம் மட்டும் நிறம் மாறினாலும், நகம் கரண்டிபோல் குழிந்தாலும், வறட்சியோடு சோர்வும் முடி உதிர்வும் சேர்ந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு குறைபாடோ இருக்கலாம்.

குதிகால் பித்தவெடிப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசி, பருத்திக் காலுறையோடு படுத்தேன். பத்து நாளில் சரியாயிற்று. சர்க்கரை நோய் உள்ள என் மாமாவுக்கு இந்தத் தேய்ப்பை நான் அனுமதிக்கவில்லை. காலில் காயம்பட்டால் அவருக்குத் தெரியாது; எண்ணெய் மட்டும் தடவி, தினமும் பாதத்தை நானே பார்க்கிறேன்.

இன்று ஐப்பசி மூன்றாம் நாள். காற்று நின்று, கிழக்கே மேகம் கூடத் தொடங்கியிருக்கிறது. செலவு 380 ரூபாய். மெழுகில் பாதிக்குமேல் மீதி இருக்கிறது. என் கட்டைவிரல் நகத்தில் மருதாணிச் சிவப்பு நுனியில் ஒரு விளிம்பாக நிற்கிறது, அதற்குக் கீழே 9 மில்லிமீட்டருக்குப் பிளவில்லாத நகம். கார்த்திகைக்குள் அந்த விளிம்பும் வெட்டில் போய்விடும். மதினிக்கு அடுத்த டப்பா காய்ச்ச வேண்டும். குளிர் வரப்போவதால் அதில் மெழுகை 8 கிராமாகக் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.