முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும், அச்செடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பலருக்கு அப்படித்தான் வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, அதிலும் பழைய சான்றிதழ் எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு, அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. நீலகிரியில் எங்களைப் போல் அலைந்துகொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு வேலைக்குப் போனவன். எனக்கென்று அந்தச் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. அப்பா இறந்துவிட்டார். கையில் இருந்தது என் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும். அதை வாங்கிப் பார்த்த கிராம நிர்வாக அலுவலர் கேட்ட முதல் கேள்வி: "பூர்விகம் எது?" கோத்தகிரி என்றேன். "அது நீங்கள் பிறந்த ஊர். உங்கள் தாத்தாவின் ஊரைக் கேட்கிறேன்."

கேள்வியில் குற்றம் இல்லை. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குடும்பம் தமிழ்நாட்டில் எந்த ஊரைச் சேர்ந்தது என்று காட்டியாக வேண்டும். ஆனால் நாங்கள் ஊரைவிட்டு இலங்கைக்குப் போய் நான்கு தலைமுறை ஆகிறது. திரும்பி வந்ததும் எங்கள் இஷ்டப்படி அல்ல.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கு எழுதியவர்களைவிட இலங்கைக்கு எழுதியவர்களே அதிகம். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? எங்கள் தாத்தா கருப்பன் இந்தியாவுக்கு எழுதினார். இலங்கையிலேயே பதுளைப் பக்கம் வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையின் மாமனார் இலங்கைக்கு எழுதினார். அண்ணனான அப்பாவும் தங்கையான அத்தையும் வெவ்வேறு நாட்டுக்காரர்களானது இப்படித்தான்.

1974-இல் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா நால்வரும் மலையிலிருந்து இறங்கினார்கள். தோட்டங்களில் பட்டினி நிலவிய காலம் அது. கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை, தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அத்தை ஸ்டேஷனுக்கு வந்தார், பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார் என்று அம்மா சொல்வார். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியாக நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அங்கே விட்ட கொழுந்துக் கூடையை இங்கே எடுத்தார்கள்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன். அம்மா ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் வைத்திருந்தார்: அப்பாவின் கடவுச்சீட்டு, இந்தியக் குடியுரிமைப் பதிவுச் சான்று, தாயகம் திரும்பியோருக்குத் தந்த, முனை மடங்கிய குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல). பூர்விகம் என்ற இடத்தில் தாத்தா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா, கீழே கிராமத்தின் பெயர். அந்தக் கிராமம் இன்று துறையூர் தாலுகாவில் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதைத் தெரிந்துகொள்ளவே பலரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர். கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் அப்பா ராமையா. என் பள்ளிச் சான்றிதழில் ராமசாமி. தோட்டத்தில் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், இருப்பதுதான் பெயர். அப்பாவை வேலை வாங்கிய கங்காணியின் ஆட்களில் ஏற்கெனவே இரண்டு ராமசாமிகள் இருந்ததால், மூன்றாமவரைப் பதிவேடு எழுதும் கணக்கப்பிள்ளை ராமையா ஆக்கிவிட்டாராம். கணக்கப்பிள்ளையின் வசதிக்காக வந்த பெயர் கடவுச்சீட்டுக்கும் ஏறி, கடல் தாண்டி, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் விண்ணப்பம் "ஆவணம் போதவில்லை" என்ற குறிப்போடு தள்ளுபடியானது.

துறையூர்ப் பக்கம் போனேன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்தது குலதெய்வத்தின் பெயர் மட்டும். கோயிலைக் காட்டச் சொல்லிக் கேட்டதில் ஒரு பெரியவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாத்தாவின் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் சொன்னதும் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "சிலோனுக்குப் போன வகையறாவா?" என்றார். உள்ளே போய் மகனை அழைத்து வந்து உட்காரவைத்துக்கொண்டு, "பங்கு கேட்டு வந்திருக்கிறாயா தம்பி?" என்று கேட்டார். இல்லை ஐயா, பிள்ளை படிப்புக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். "கையெழுத்துதானா!" என்று அவர் சிரித்த பிறகுதான் காபி வந்தது. சந்தேகப்பட்டதில் தவறில்லை, அரைக் காணி நிலத்தை வைத்துப் பிழைப்பவர்கள். அவரும் இன்னும் இரண்டு பங்காளிகளும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய சாதிச் சான்றிதழ் நகலும் கொடுத்தார்கள். உண்மையில் வழி திறந்தது அந்த நகலால்தான்.

பெயர்ச் சிக்கலைத் தீர்த்தது அத்தை மகன். எண்பதுகளில் போர் வந்து கப்பல் நின்றது. அப்பாவும் அத்தையும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் கடிதம் நிற்கவில்லை, இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் மச்சான் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, இங்கே தாலுகா அலுவலகம் போன்ற பிரதேச செயலகத்துக்குப் போய், பழைய பதிவைத் தேடச்சொல்லி, அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துவிட்டார். அதில் ராமசாமிதான். தகப்பன் கருப்பனின் பெயரை வெள்ளைக்காரக் காலத்து வழக்கப்படி "கார்ப்பன்" என்று படிக்கும்படி எழுதியிருந்தார்கள். இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர். அங்கே இந்தியத் தமிழர், இங்கே இன்றுவரை சிலோன்காரர்.

அந்த நகலை வைத்து, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மா நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். மறுபடி விண்ணப்பித்தோம். வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அதன் பிறகும் கோப்பு தாலுகா அலுவலகத்தில் நகராமல் கிடந்தது. எல்லாவற்றையும் வருட வரிசைப்படி அடுக்கி, எந்தக் காகிதம் எதை நிரூபிக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலே வைத்துக்கொண்டு தாசில்தாரை நேரில் பார்த்தேன். அவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்டார். சேர்க்கை முடிவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு: குடும்ப அட்டையைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், சில இடங்களில் மூலத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். ஊர்ப் பங்காளிகளில் யாரிடமாவது சாதிச் சான்றிதழ் இருந்தால் அதை முதலில் பிடியுங்கள். இலங்கையில் உறவு இருந்தால் பிறப்புப் பதிவை இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் போய்விட்டால் எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (பிரிவு) என்று சொல்ல ஆள் இருக்காது.

2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து அம்மா அத்தையைப் பார்க்கப் போக வேண்டும் என்கிறார். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். போன வாரம் மகள்தான் விண்ணப்பத்தை நிரப்பினாள். பிறந்த இடம் இந்தியாவுக்கு வெளியே. குடியுரிமை எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பிறப்பு, வம்சாவளி, பதிவு என்று வரிசை வந்தது. "பாட்டி, நீ இதில் எது?" என்று கேட்டாள். அம்மா மஞ்சள் பையை எடுத்துவரச் சொன்னார். பதிவு என்பதில் குறியிட்டோம். அடுத்த மாதம் நேர்காணல். மச்சானிடம் அம்மாவின் பிறப்புப் பதிவையும் தேடச் சொல்லியிருக்கிறேன்.