ஜாக்கை எங்கே வைப்பீர்கள்?

என்னிடம் இருப்பது 2005-ம் வருட லோட்டஸ் எலீஸ் 111ஆர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். போன அக்டோபரில், 58,000 மைல் ஓடியிருந்தபோது வாங்கினேன். அதைப் பழுதுபார்க்க நம்பி ஒப்படைக்க ஓர் ஆளைத் தேட ஆரம்பித்தது பிப்ரவரியில். கிடைத்தது செப்டம்பரில். லண்டன் ஹாரோவில் வீடு தேடியதுகூட மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. அவ்வப்போது குறித்து வைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பிப்ரவரி

கார் வரும்போதே ஒரு குறையோடுதான் வந்தது. இதில் இருப்பது டொயோட்டா செலிக்காவில் வந்த அதே 1.8 லிட்டர் 2இசட்இசட் எஞ்சின். நிமிடத்துக்கு 6,200 சுற்று (ஆர்பிஎம்) வரை சாதுவாக வரும். அதைத் தாண்டினால் கேம் ஷாஃப்டில் இருக்கும் பெரிய முட்டுகள் வேலைக்கு வந்து வால்வுகளை இன்னும் ஆழமாகத் திறக்கும். சத்தம் மாறும், முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருக்கும். இந்தக் காரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு நொடிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். என் காரில் அந்தத் தள்ளல் அந்தக் காலத்து ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி: வந்தால் உண்டு.

என் ஹோண்டா ஜாஸை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்வது வெம்ப்ளியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. முதலில் அவரிடம்தான் போனேன். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“எஞ்சின் டொயோட்டா தானே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வன். ஆனா உந்தக் காரைத் தூக்க எனக்குப் பயம், தம்பி.”

“ஏன் அண்ணா, 860 கிலோதானே?”

“லேசு எண்டதாலதான் பயம்.”

விஷயம் இதுதான். எலீஸின் சட்டகம் அலுமினியத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. மேலே இருக்கும் உடம்பு ஃபைபர் கிளாஸ். மற்ற கார்களைப் போலப் பக்கவாட்டில் கிடைத்த இடத்தில் ஜாக்கை வைத்து ஏற்றினால் ஃபைபர் விரிசல் விடும், இல்லாவிட்டால் அலுமினியம் அமுங்கும். அமுங்கியதைத் தட்டி நிமிர்த்திப் பற்ற வைக்கிற வேலையெல்லாம் இதில் நடக்காது. சட்டகத்தில் அடி என்றாலே பல சமயம் காரையே கழித்துவிடுகிறார்கள்.

கிளம்பும்போது சொன்னார்: “ஆரிட்டக் குடுத்தாலும் முதல்ல ஒண்டைக் கேளும். ஜாக் எங்க வைப்பீங்கள் எண்டு. யோசிச்சாரெண்டால் காரைத் திருப்பிக்கொண்டு வாரும்.”

மார்ச்

அண்ணா சொன்னதைக் கேட்டேன், ஆனால் பதிலைக் காதில் வாங்கவில்லை. அது என் தப்பு.

கார்ப்பெட் போட்ட, காபி மெஷின் வைத்த பெரிய டீலர். பெயர் வேண்டாம். ஜாக் கேள்விக்குக் கவுண்ட்டரில் இருந்தவர் சொன்ன பதில்: “எங்கள் டெக்னீஷியன்கள் எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள்.” நானும் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். இரண்டு நாளில் கார் பளபளவென்று கழுவி வந்தது. பில் 780 பவுண்ட். அதில் பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரி.

வீட்டுக்கு வந்ததும், சும்மா பார்ப்போமே என்று முன்பக்க மூடியைக் கழற்றினேன். பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். என் டப்பாவில் இருந்தது கும்பகோணம் டிகாக்‌ஷன். அதை வைத்து மட்டும் சண்டைக்குப் போகக் கூடாது என்று ஒரு சக்கரத்தையும் கழற்றினேன். ஆயில் மாற்றுவதென்றால் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து பழையதை வடிக்க வேண்டும். அந்தத் திருகின் ரப்பர் மூடி மேல் தூசி படிந்து, அதிலிருந்து பிரேக் குழாய் வரைக்கும் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. சிலந்தி பொய் சொல்லாது. போன் செய்தேன். “தவறுதலாக டிக் விழுந்துவிட்டது” என்று 95 பவுண்ட் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

6,200 பிரச்சினைக்கு அவர்கள் சொன்ன தீர்ப்பு: கேம் தேய்ந்துவிட்டது, மேல் பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 4,200 பவுண்ட். கேம் கவரைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அனுபவத்தில் சொல்கிறோம் என்றார்கள். இந்த எஞ்சினில் கேம் தேய்வது கற்பனை இல்லை. ஆயில் சூடாகும் முன்பே விரட்டி ஓட்டிய கார்களில் அந்தப் பெரிய முட்டுகள் தேய்வதுண்டு. அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு கவரைக் கழற்றிப் பார்க்காமல் நாலாயிரம் கேட்க எப்படி வாய் வருகிறது?

மே

ரேஸ் கார்கள் தயார் செய்யும் ஒரு இடம், லண்டனுக்குத் தெற்கே. ஜாக் கேள்விக்கு உடனே கீழே படுத்துக் கையால் தொட்டே காட்டினார். வேலை தெரிந்தவர், சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் வந்த பட்டியலில் பதினான்கு அயிட்டம், 6,300 பவுண்ட். ரேடியேட்டரும் அதில் ஒன்று. இந்த மாடல் ரேடியேட்டரில் அலுமினியமும் இரு ஓரத்துப் பிளாஸ்டிக் தொட்டிகளும் சேரும் இடத்தில் கசிவது தெரிந்த வியாதிதான். மாற்ற வேண்டுமானால் காரின் முன்பக்க உடம்பையே ஒரே துண்டாகக் கழற்ற வேண்டும், அதனால் கூலி எகிறும். என் ரேடியேட்டர் கசிகிறதா என்று கேட்டேன். “எல்லாம் ஒருநாள் கசியும்” என்றார். மனிதனுக்கும் அது பொருந்தும்தான். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன்

இரண்டு முறை சூடு பட்ட பிறகு, ஆளை விட்டுவிட்டு முதலில் காரைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் மூன்று வயது தாண்டிய கார் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி சோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சோதனையில் சொன்ன குறைகள், அன்றைய மைல் கணக்கு எல்லாவற்றையும் நம்பர் பிளேட்டை வைத்தே அரசாங்கத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காரோடு வந்த பில் கோப்பை ஒரு பக்கம் விரித்து வைத்து, வருடம் வருடமாக ஒத்துப் பார்த்தேன்.

2019: வலது பின்சக்கர இணைப்பில் லேசான ஆட்டம். 2021: அதே வரி. 2022, 2023: அந்த வரியே இல்லை. கோப்பில் அதை மாற்றியதற்கு பில்லும் இல்லை. மாற்றாமலே குணமான குறை!

அந்த இணைப்புக்கு டோ லிங்க் என்று பெயர். கை நீளத்துக்கு ஒரு கம்பி, இரண்டு பக்கமும் பந்து மூட்டு. பின்சக்கரம் நேராகப் பார்த்து நிற்பது அதனால்தான். ஓடும்போது உடைந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், கார் சுழலும். டீலர் இதைப் பார்க்கவில்லை. ரேஸ்காரரின் பதினான்கு அயிட்டத்திலும் இது இல்லை. கோபம் போய், எனக்கு ஒரு மாதிரி சந்தோஷம்கூட வந்தது. இனி இதை யாரிடமும் வாய் திறந்து சொல்வதில்லை, தானாகக் கண்டுபிடிக்கிறவரிடம்தான் கார் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் அற்பத்தனம்தான். இருக்கட்டும். அதுவரை காரைக் கடைக்குப் போய்வருவதற்கு மேல் ஓட்டவில்லை.

ஜூலை

ஆறு இடங்களுக்குப் போன் செய்தேன். ஜாக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டேன். சக்கரக் கோணம் சரிபார்க்கும்போது சீட்டில் என்ன வைப்பீர்கள்? இந்த வருடம் எதைச் செய்ய வேண்டாம் என்பீர்கள்?

சீட் கேள்விக்குக் காரணம் உண்டு. கார் இவ்வளவு லேசாக இருந்தால் ஓட்டுகிறவர் உட்கார்ந்ததுமே உயரம் மாறி, சக்கரங்களின் கோணமும் மாறும். அதனால் சீட்டில் எடை ஏற்றி வைத்துத்தான் அளக்க வேண்டும். கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்து நிற்கும் அளவை, சரிசெய்வதும் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும்தான், அதற்குப் பொறுமை வேண்டும். ஒருவர் “சீட்டிலா? எதற்கு?” என்றார். இருவர் திருப்பி அழைப்பதாகச் சொன்னவர்கள்தான். ஒருவர் அக்டோபர் வரை இடமில்லை என்றார். ஐந்தாமவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த டீலரைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஆறாமவர் மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார். “காரைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? கொண்டு வாருங்கள்.”

செப்டம்பர்

ஆறாமவர் இருப்பது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், லோட்டஸ் தொழிற்சாலை இருக்கும் ஹெத்தலுக்குப் பக்கத்தில். ஹெத்தல் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம், அந்த ஓடுபாதை வளைவில்தான் லோட்டஸின் சோதனைத் தடம். 2021-ல் எலீஸ் தயாரிப்பு நின்ற பிறகும் அதைக் கையால் தொட்டுப் பழகியவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய. ஹாரோவிலிருந்து எம்11, ஏ11 சாலைகள் வழியாக நூறு மைலுக்கு மேல். பழைய பண்ணைக் கொட்டகை ஒன்றில் இரண்டே பேர். காபி மெஷின் இல்லை. கெட்டில் இருந்தது.

ரப்பர் கட்டைகளை எடுத்து, அடியில் டார்ச் அடித்து இடம் பார்த்து, கொஞ்சம் ஏற்றி நிறுத்தி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் முழுக்கத் தூக்கினார். நான் கேட்கவே தேவைப்படவில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் இரு பக்கம் பிடித்து அசைத்துக்கொண்டே வந்தார். வலது பின்சக்கரத்தில் நின்றார். மறுபடி அசைத்தார். என்னைக் கூப்பிட்டு, “இந்த மூட்டில் விரலை வையுங்கள்” என்றார். அவர் அசைக்க, என் விரலுக்கடியில் ‘டிக்’ என்று ஒரு சின்னத் தட்டல். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. “எத்தனை நாளாக இப்படி?” என்றார். 2019 என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

எஞ்சினுக்கு வந்தார். ஸ்பார்க் பிளக் காயில்களைக் கழற்றி, கேம் கவரைத் தூக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, எட்டுப் பெரிய முட்டுகளையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து நகத்தால் வருடினார். என்னையும் வருடச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தது. தேய்மானம் இல்லை. பெரிய முட்டை வேலைக்குக் கொண்டுவருவது ஆயில் அழுத்தம்தான். அந்த ஆயிலை விடும் வால்வைக் கழற்றினால் நகம் அளவுக்கு ஒரு வலை. அதில் தார் மாதிரி கறுப்புப் பசை. கழுவி, புது சீல் போட்டு மாட்டினார். “இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 500 மைல் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.”

ரேடியேட்டர் ஓரத்தில் ஒரு காய்ந்த கறை இருந்தது. அழுத்தம் ஏற்றி மீட்டரை மாட்டிவிட்டு டீ போட்டார். இருபது நிமிடம் முள் நகரவில்லை. “இந்த வருடம் இதைச் செய்ய வேண்டாம்” என்றார். என் மூன்றாவது கேள்வியை அவர் மறக்கவில்லை.

கடைசியாகச் சக்கரக் கோணம். என் எடை கேட்டார். 76 என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, 82 கிலோவுக்கு மணல் மூட்டை எடுத்து வைத்தார்.

பிரேக் ஆயில், இரண்டு பக்கமும் புது டோ லிங்க், கோணம், வால்வு எல்லாம் சேர்த்து 690 பவுண்ட். கழற்றிய பழைய பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் பையில்.

திரும்பும் வழியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, தெட்ஃபோர்ட் காட்டுப் பக்கம் இரண்டாம் கியரில் 6,200 தாண்டினேன். வந்தது. இரண்டாம் கியர் என்பதால் 70 மைல் வரம்புக்குள்தான், யாரும் பயப்பட வேண்டாம். இதுவரை 540 மைல், ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ரேடியேட்டர் கறையை மட்டும் மாதம் ஒருமுறை படமெடுத்து வைக்கிறேன்.

போன சனிக்கிழமை பழைய டோ லிங்கை வெம்ப்ளி அண்ணாவிடம் காட்டினேன். மூட்டை அசைத்துப் பார்த்தார், போனில் இருந்த படங்களைக் கேட்டார். கார் தூக்கி நின்ற படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, அடியில் தேடினார்.

“ரப்பர் வச்சிருக்கிறார்” என்றார். போனைத் திருப்பித் தந்தார். “அது சரி, ஹோண்டாவுக்கு முன் டயர் மாத்தோணும் எண்டு மார்கழியில சொன்னனான். மறந்திட்டீர்.”