பாத்துக்கோ

போன மாதம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருக்கிறேன். எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகிக்கொண்டே வருகிறேன், அது எனக்கே சரியாகப் படவில்லை, அதனால்தான்.

டோர்னமென்ட் வாரம் எப்படி இருக்கும் என்று கோல்ஃப் கோர்ஸில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியாழனில் ஆரம்பித்து ஞாயிறு வரை நான்கு ரவுண்டு, அதற்கு முந்தைய பத்து நாளும் தூக்கம் கிடையாது. எனக்குச் சேலம். பெங்களூர்ப் பக்கம் அந்த கோர்ஸில் புல்தரைப் பராமரிப்புக்குத் தலைவரான சூப்பரின்டென்டென்ட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்தத் தம்பி ஏற்காட்டுக்காரன், எஸ்டேட்டில் வளர்ந்தவன். நான்தான் அவன் அப்பாவிடம் பேசி, கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருடம் என் கூடத்தான் இருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். ஆட்டக்காரர்களில் கடைசி குரூப் பதினாலாவது குழியைத் தாண்டிப் போய்விட்டது. பதினாலாவது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, மேட்டில் இருக்கிறது, மேற்கே மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது, பிப்ரவரி மாதத்துக் காய்ந்த காற்று நேராக அதன்மேல்தான் அடிக்கும். அவன் குத்த வைத்து உட்கார்ந்து உள்ளங்கையால் புல்லை அழுத்திப் பார்த்தான். அப்புறம், தான் நடந்து வந்த வழியைக் காட்டினான். ஐந்தாறு காலடி, வைத்தது வைத்தபடி பதிந்து கிடந்தது. தெம்பாக இருக்கும் புல் மிதித்தால் எழுந்துகொள்ளும், தாகத்தில் இருக்கும் புல் எழாது. நிறமும் பச்சையிலிருந்து ஒரு மாதிரி சாம்பல் பூத்த நீலத்துக்குப் போயிருந்தது.

"அண்ணா, இது நாளைக்குத் தாங்காதுங்ணா. கொஞ்சம் தண்ணி காட்டிரட்டுமா?"

அந்த நேரம் பார்த்து போன். டோர்னமென்ட் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைக்குக் குழி எங்கெங்கே வெட்ட வேண்டும் என்ற தாள் விஷயமாக அவர் பேச ஆரம்பித்துவிட்டார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பாத்துக்கோ" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா "பாத்துக்கோ" என்று சொல்லிப் போனால், பொங்கும்போது இறக்கி வை என்று அர்த்தம். சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் அடி விழும். அதே அம்மா, மழை நாளில் நான் வண்டியை எடுக்கும்போது "பாத்துக்கோ" என்றால் ஜாக்கிரதை என்று அர்த்தம். கோபத்தில் ஒருத்தர் "பாத்துக்கோ" என்றால் அது மிரட்டல். நான் எந்தப் "பாத்துக்கோ"வைச் சொன்னேன்? இந்த மூன்று வருடத்தில் மூன்றையும் நான்தான் சொன்னதாக நினைத்துப் பார்த்திருக்கிறேன், மூன்றும் என் குரலுக்குப் பொருந்துகிறது.

அந்த வாரம் உத்தரவு தெளிவாகவே இருந்தது: சூப்பரின்டென்டென்ட் சொல்லாமல் எந்த கிரீனிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. கிரீனில் பந்து உருளும் வேகம் 11 அடி. இந்த வேகத்தை ஸ்டிம்ப்மீட்டரில் பார்ப்போம். 36 அங்குல அலுமினியச் சட்டம், நடுவே நீளமாக ஒரு பள்ளம், மேலே பந்து உட்கார ஒரு வெட்டு. மெதுவாகத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் பந்து தானாகக் கழன்று உருளும். மூன்று பந்தை ஒரு பக்கம், அதே மூன்றை எதிர்ப்பக்கம் உருட்டி, நின்ற தூரத்தின் சராசரியை எடுக்க வேண்டும். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935-ல் யோசித்தது. ஓக்மாண்ட் கோர்ஸில் ஒரு பெரிய ஆட்டக்காரர் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி பங்கர் என்ற மணல் குழிக்குள் ஓடியதைப் பார்த்துவிட்டு, இது நியாயமான வேகம்தானா என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டாராம். கிரீன்களெல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்கவும் உதவும் சட்டம் அது. இன்றைக்கு உங்கள் கோர்ஸ் எத்தனை, எங்கள் கோர்ஸ் எத்தனை என்று மார் தட்டிக்கொள்ளவே அதிகம் பயன்படுகிறது.

ஒன்றுபோல் என்பதுதான் இதில் கஷ்டமே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பதினெட்டு கிரீனும் பதினெட்டு பானை. ஒன்று நிழலில், ஒன்று குளத்தோரம், ஒன்று மேட்டில். எல்லாவற்றையும் ஒரே பதத்தில் இறக்கி வைக்க வேண்டும். அதனால் தண்ணீர் கூடாது என்ற உத்தரவு முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளாளுக்குத் தாகம் பார்த்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால் ஒரு கிரீனில் பந்து ஓடும், அடுத்ததில் நிற்கும். அதை அன்றைக்கும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவன் சொன்னதையும் நம்பினேன்.

கிரீனில் போட்டிருப்பது பர்முடா. பெரிய பெயர், ஆனால் நம் அறுகம்புல்லுக்கு நெருங்கிய சொந்தம்தான், அறுகோடு ஆப்பிரிக்கப் புல் ஒன்றைக் கலந்து எடுத்த குட்டை ரகம். பிள்ளையாருக்குச் சாத்துகிற, வயலில் பிடுங்கிப் பிடுங்கி விரல் நோகிற அதே அறுகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இதைப் புடுங்கத்தாங்ணா எங்க ஊர்ல கூலி குடுப்பாங்க." அறுகுபோல் வேரூன்றி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேர் இங்கே மணலுக்குள் ஒரு அடிதான் போக முடியும், அதற்குக் கீழே ஜல்லி. மேலே 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறோம், அதன்மேல் ரோலர் ஓட்டுகிறோம். அந்த மணல் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் அப்புறம் தண்ணீர் விட்டாலும் ஏற்காது, மேலோடு வழிந்து போய்விடும். அவனுக்கு அந்த விளக்கமெல்லாம் நான் சொல்லித்தான் தெரியும், ஆனால் எப்போது என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. காப்பிக்காரன் இல்லையா. மொட்டு கட்டின காப்பிச் செடியைக் காயப் போட வேண்டும், வாட்டம் கண்டு மழையோ ஸ்பிரிங்க்ளரோ ஒரு நனைப்பு கொடுத்தால் எட்டு பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும். எவ்வளவு காயலாம், எதற்கு மேல் காயக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன். தண்ணீர் விடாமல் இருக்கத் தெரியாதவன் இல்லை.

ஞாயிறு காலை நாலரை. லைட் போட்டுக்கொண்டு புல் வெட்டும் மோவர்கள் போகின்றன. பதினெட்டையும் அளந்து வந்தால், எல்லாம் 11 அடியை ஒட்டி, பதினாலு மட்டும் 10 அடி 1 அங்குலம். அதிகாரி இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார். சூப்பரின்டென்டென்ட் மண்டியிட்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார், முழங்காலில் ஈரம். யார் தண்ணீர் விட்டது என்று இந்தியில் கேட்டார். எட்டுப் பேர் நின்றோம்.

"நான்தான் சார்" என்றான் தமிழில். சைகையே போதும், அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் சொன்னார் என்று அவன் சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், நீ சொன்னாயா என்று. நான் சொன்னது: "ஐ டோல்ட் ஹிம் டு கீப் அ வாட்ச், சார்."

இதுதான். இந்த இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை என்று முதல் ஒரு வருடம் எனக்கு நானே வாதாடினேன். "பாத்துக்கோ"வை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அந்த மொழியில் ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் எடுக்க முடியும், நான் ஒரு பக்கத்தை எடுத்தேன். தமிழ் தெரிந்த சூப்பரின்டென்டென்ட்டாக இருந்திருந்தால் "பாத்துக்கச் சொன்னேன் சார்" என்று சொல்லியிருப்பேன், அவரே அதன் எடையைப் போட்டுப் பார்த்திருப்பார், பழி பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும். அப்படியா? தமிழ்க்காரராக இருந்திருந்தால் வேறு ஏதாவது வழுக்கலான வார்த்தையைத் தேடியிருப்பேனோ என்னவோ. எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, பெரியவளுக்கு அந்த வருடம்தான் பள்ளிக்கூடம். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. அதுதான் இன்னும் மோசம்.

"வாட்ச்" என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடிகளோடு இரண்டு வருடம் பழகியவன்.

கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப ஒரு போன் போதும். பத்து மணிக்குள் கணக்கு முடிந்து அவன் துணிப்பையோடு கேட்டில் நின்றான். சட்டைப் பையிலிருந்து 1,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். வாங்க மாட்டான் என்று நினைத்தேன், வாங்கிக்கொண்டான். "வரேங்ணா" என்றான். அந்த நேரம் பதினாலில் இரண்டாவது தடவையாக ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டி, உருட்டி, எப்படியோ 10 அடி 8 அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். அன்று ஆடிய யாரும் அந்த கிரீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் ஜெயித்தார் என்பதே எனக்கு மறந்துவிட்டது, கப்பை வைத்து எடுத்த படத்தில் ஓரத்தில் நானும் நிற்கிறேன்.

அடுத்த பத்து நாளில் மேட்டில் இருந்த வேறு இரண்டு கிரீன்கள் திட்டுத் திட்டாகப் பழுத்தன. நர்சரியிலிருந்து புல் எடுத்து ஒட்டுப் போட்டோம். பதினாலு பச்சையாகவே இருந்தது, மற்றதைவிட அதிகமாக அடி வாங்கியும். அதனால் அவன் சொன்னது சரி என்றாகிவிடுமா? அந்த இரண்டுக்கும் வடிகாலில் ஏற்கெனவே கோளாறு உண்டு. சரி, அவன் சொன்னது சரியே என்று வைத்துக்கொண்டாலும், உத்தரவை மீறியது மீறியதுதானே. மீறச் சொன்னது யார் என்று கேட்டால் மறுபடி அதே சந்துக்குள் போய் நிற்கிறேன்.

2004-ல் அமெரிக்காவில் ஷின்னகாக் ஹில்ஸில் நடந்த யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி பற்றி அப்புறம்தான் படித்தேன். கடைசி நாள் ஏழாவது கிரீன் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகி, பந்து நிற்கவே இல்லை. நல்ல நல்ல ஆட்டக்காரர்கள் திண்டாடினார்கள். கடைசியில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, குரூப்புக்கும் குரூப்புக்கும் நடுவில், ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டார்கள். உலகமே டிவியில் பார்த்தது. எங்கள் பையன் ராத்திரி எட்டு மணிக்கு, இருட்டில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அதையேதான் செய்தான். இதைப் படித்ததும் யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. யாரிடம் காட்டுவது?

நான் அந்த வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, முதுகுவலி. இப்போது சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டில் நாலைந்து காட்டேஜ்களுக்குப் புல்தரை போட்டுக் கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குவதில் அதே முதுகு இன்னும் வலிக்கிறது, அது வேறு கதை.

பஸ் ஸ்டாண்டில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். மீசை வைத்திருக்கிறான். நான் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தது உண்மை. அவனே எழுந்து வந்தான்.

"நல்லா இருக்கீங்களாண்ணா? பாப்பா பெரிசாயிருச்சா?"

கல்யாணம் ஆகிவிட்டது, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான், இந்த வருடம் காய் பரவாயில்லை. டீ குடித்தோம், காசு அவன் கொடுத்தான். பஸ் வந்ததும் மூட்டையைத் தூக்கப் போனவன் நின்று கேட்டான்:

"பதினாலு எப்படிங்ணா இருக்கு?"

"நல்லா இருக்குடா" என்றேன். வேலையை விட்டதையே அவனிடம் சொல்லவில்லை. கேட்டது கிண்டலா, குத்தலா, அக்கறையா என்று அன்றிலிருந்து குழப்பம். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளையை விசாரித்தது போலத்தான் அதையும் விசாரித்தான். அவனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம், காட்டேஜ் வேலைக்கு அவனைவிடக் கைராசியான ஆள் கிடைக்க மாட்டான். ஆனால் கூப்பிட்டால் அவனுக்காகக் கூப்பிடுவேனா, எனக்காகக் கூப்பிடுவேனா? தவிர அவனுக்கு என் வேலை தேவைப்படவும் இல்லை.

இதில் மூன்று வருடமாக நான் கவனிக்காத ஒன்று, அன்று மலையிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது. நான் ஏன் போனைப் பொத்தினேன்? உற்றுப் பார், ஜாக்கிரதை என்பதுதான் என் "பாத்துக்கோ" என்றால், அது அதிகாரி காதில் விழுந்தால் என்ன கெட்டுப்போகும்? அவர் தமிழ்க்காரர்கூட இல்லை. பேசும்போது யாராவது குறுக்கே வந்தால் எல்லாரும் செய்வதுதான், மரியாதைக்குப் பொத்தியிருப்பேன், பழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சும்மா கேட்பது போல மனைவியிடம் கேட்டேன், நான் போனில் இருக்கும்போது யாராவது பக்கத்தில் பேசினால் போனைப் பொத்திக்கொள்வேனா என்று.

"நீங்களா?" என்றாள். "அரிசி தீர்ந்துபோச்சுன்னு நான் சொல்றதுகூட அந்தப் பக்கம் கேட்கும்."