வாள் வாங்கும் முன் விரலில் நிறுத்திப் பாருங்கள்

காரைக்குடியில் இன்று காலை சிலம்பப் பயிற்சிக்கு வந்த பையன் கையில் புது பிளாஸ்டிக் வாள். வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்ததில் அலகு, அதாவது பிடிக்கு மேலுள்ள நீளப் பகுதி, வளைந்துவிட்டது.

இந்த வாள் செய்யும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அப்படித்தான், சூட்டில் இளகும். வெந்நீரில் நனைத்து நிமிர்த்தி, பலகையில் படுக்கப்போட்டு ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள்.

அலகை ஒரு விரல்மேல் குறுக்காக வைத்து, இருபக்கமும் சாயாமல் நிறுத்துங்கள். பிடிக்கு மேலே கையைக் காக்கும் தடுப்பான கைக்காப்பிலிருந்து நாலு அங்குலத்துக்குள் நின்றால் நல்லது. நுனிப்பக்கம் தள்ளி நின்றால் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துவிடும், எதிரே நிற்பவருக்கும் அடி பலமாக விழும்.

குத்திப் பழகுபவர்கள் நுனியைத் தரையில் அழுத்திப் பார்க்கணும். வளைந்து கொடுக்காத வாள் வேண்டவே வேண்டாம்.

மோதி மோதி விளிம்பில் பிசிறு எழும், தோலைக் கிழிக்கும். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஜோடிப் பயிற்சிக்கு, கண்ணையும் மறைக்கும் வாள்வீச்சு முகக்கவசம் கட்டாயம். பிளாஸ்டிக்தானே என்று விடாதீர்கள், கண் போய்விடும்.