கேட்ட கிளாக் ரேட் உண்மையில் கிடைத்ததா?

லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளாக்கின் (சாதனத்தை ஓட்டும் துடிப்பின்) வேகத்தை வைக்கும் கெர்னல் ஃபங்ஷனான 'கிளாக் செட் ரேட்', வெற்றி என்று பொருள்படும் பூச்சியத்தைத் தந்துவிட்டது என்பதற்காகக் கேட்ட மீடிறன் கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டாம். ஹார்ட்வேருக்கு முடிந்த ஏதோ ஒன்றை வைத்துவிட்டும் அது பூச்சியம் தரும்.

வெள்ளவத்தையில் ஒரு சங்கீத வகுப்புக்குச் சின்ன போர்ட் ஒன்றில் ஓடியோ பிளேயர் செய்து கொடுத்தோம். டிரைவர் போர்டோடு வந்தது. எங்கள் காதுகளுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. வகுப்பில் சுருதிப் பெட்டியோடு சேர்த்துத் தம்புரா ஒலிப்பதிவைப் போட்டதும் ரீச்சர் நிறுத்தச் சொன்னார். "தம்பி, சுருதியோட சேரேல்லை. கொஞ்சம் இறங்கி நிக்குது." அவருக்கு ஐந்து கட்டை, ஸட்ஜம் 392 ஹேர்ட்ஸ். இரண்டு ஒலியும் மோதி, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 2 தடவை அலையடித்தது. அந்தக் காது இல்லாவிட்டால் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக் எஃப்எஸ்ஸில், எல்லாக் கிளாக்குகளையும் பட்டியலிடும் 'கிளாக் சம்மரி'யைத் திறந்ததும் விளங்கிவிட்டது. மூல பிஎல்எல் (துடிப்பை உண்டாக்கும் சுற்று) 786.432 மெகாஹேர்ட்ஸ், அதன் கீழே அதை வகுத்துக் குறைக்கும் 8 பிட் டிவைடர். 44.1 கிலோஹேர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிந்த பாட்டுக்கு அதன் 256 மடங்கு, 11.2896 மெகாஹேர்ட்ஸ் வேண்டும். வகுத்தால் 69.66. முழு எண்ணால்தான் வகுக்க முடியும் என்பதால் டிவைடர் 70ஐ எடுக்கிறது, பாட்டு 43.886இல் ஓடுகிறது, 0.49% குறைவு. 48 கிலோஹேர்ட்ஸுக்கு 64ஆல் வகுபடும், சிக்கலே இல்லை. 8 கிலோஹேர்ட்ஸில் பதிந்த பேச்சுக்கோ 384 தேவை. டிவைடர் 256க்கு மேல் போகாததால் பேச்சு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். இத்தனைக்கும், இவை எல்லாமே தன்னால் முடியும் என்றுதான் டிரைவர், லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

பிஎல்எல்லை 722.5344க்கு மாற்றினால் 44.1 சரியாகிவிடும். ஆனால் வேறொரு சாதனமும் அதே பிஎல்எல்லில் தொங்குகிறது. அதில் கை வைக்கவில்லை.

அதனால் புரோப் நேரத்திலேயே (டிரைவர் சாதனத்தோடு முதலில் இணையும்போதே) ஒவ்வொரு ரேட்டுக்கும் 'கிளாக் ரவுண்ட் ரேட்'டைக் கேட்கிறோம். அது ஹார்ட்வேரைத் தொடாது. கேட்டதற்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்லும். விடையைக் கட்டாயம் 'லாங்'கில் வாங்குங்கள். 'அன்சைன்ட்' ஆக வாங்கினால் மைனஸில் வரும் பிழை எண் பெரிய மீடிறனாகத் தெரியும். சரிசமமா என்றும் ஒப்பிடக் கூடாது: கெர்னல் முழு ஹேர்ட்ஸில் கணக்கு வைப்பதால் நல்ல ரேட்டும் 1 ஹேர்ட்ஸ் தள்ளி வரலாம். மில்லியனுக்கு 50 பங்கு வரை விட்டுக்கொடுத்தேன். தேறியவற்றை மட்டும் பட்டியலாக்கி, ஸ்டார்ட்அப்பில் (ஒலிச் சாதனம் திறக்கப்படும்போது) அல்சாவுக்குக் கட்டுப்பாடாகக் கொடுத்தோம். இப்போது 44.1 பாட்டை அல்சாவின் பிளக் அடுக்கு 48க்கு மாற்றித் தருகிறது. சிபியு கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது, சுருதி சேர்கிறது.

புரோப்பில் கிடைத்த விடை பிறகும் செல்லும் என்றில்லை, பக்கத்துச் சாதனம் பிஎல்எல்லை மாற்றிவிடலாம். ஆகவே ஒவ்வொரு ஒலிக்கும் ரேட் முதலியவை முடிவாகும் 'ஹார்ட்வேர் பராம்ஸ்' இடத்தில் ரேட்டை வைத்தபின் இப்போதுள்ள ரேட்டைச் சொல்லும் 'கிளாக் கெட் ரேட்'டால் மறுபடி பார்த்து, ஒத்துவராவிட்டால் பிழையைத் திருப்பிவிடுகிறோம்.