செயலிழந்த வினையூக்கி: எவ்வளவு உலோகம் என்பதற்கு முன் எங்கே என்று பாருங்கள்

எரிபொருளிலிருந்து கந்தகம் நீக்கும் வினையூக்கிகள்தான் என் முதுகலை ஆய்வேட்டுத் தலைப்பு. வேலை செய்யச் செய்ய இவற்றின்மேல் கரியும் உலோகமும் படிந்து வேகம் குறையும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “கரியை முழுக்க எரித்துவிட்டீர்கள். அப்புறம் ஏன் பழைய வேகம் திரும்பவில்லை?” வனேடியமும் நிக்கலும் படிந்திருப்பதாகச் சொல்லி, சதவீதத்தையும் சொன்னேன். “எங்கே படிந்திருக்கிறது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்து எழுதப்போகிறவர்கள் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கரி 450 முதல் 500 டிகிரி செல்சியஸில் எரிந்து வாயுவாகப் போய்விடும். உலோகம் போகாது. கனமான எண்ணெயில் பார்ஃபிரின் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குள் இருக்கும் வனேடியம், ஹைட்ரஜனோடு வினைபுரிந்ததும் சல்ஃபைடாக அங்கேயே தங்கிவிடுகிறது. அது வேகமாக வினைபுரிவதால் வினையூக்கியின் நுண்துளைகளில் ஆழம்வரை போவதில்லை. நிக்கல் கொஞ்சம் உள்ளே போகும். பின்னாளில் ஒரு வினையூக்கித் துண்டைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணாய்வியில் ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்தேன். வனேடியக் கோடு இரு ஓரத்திலும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தது. நடுவில் வினையை நடத்தும் உலோகமான மாலிப்டினம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் துளையின் வாய் அடைபட்டதால் எண்ணெய் அங்கே போய்ச் சேரவில்லை.

பரப்பளவுக் கணக்கிலும் கவனம் தேவை. புதிய வினையூக்கி கிராமுக்கு 200 சதுர மீட்டர், கரி எரித்தபின் 120 என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் போச்சு என்று எழுதத் தோன்றும். ஆனால் எடையில் கால் பங்கு படிவு என்றால், அந்த 120-ஐத் தருவது 0.75 கிராம் அசல் வினையூக்கிதான். அதாவது கிராமுக்கு 160. உண்மையான இழப்பு 20 சதவீதம்.

வனேடியத்தை வெறும் நஞ்சு என்றும் எழுதிவிடாதீர்கள். அதன் சல்ஃபைடுக்கே ஓரளவு வினையூக்கும் திறன் உண்டு. ஆக்ஸாலிக் அமிலத்தில் கழுவி அதை எடுக்கலாம், ஆனால் அதிக நேரம் விட்டால் மாலிப்டினமும் கரைந்து வந்துவிடும். கழுவிய நீரில் இரண்டையும் அளந்து பாருங்கள்.

ஒன்று மறக்காதீர்கள்: உலையிலிருந்து எடுத்த மாதிரி காற்றுப் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நைட்ரஜனில் மூடியே வையுங்கள்.